உள்ளங்கையில் ஓயாத ஈரம்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளங்கை வியர்ப்பதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். உயிரைப் பறிக்கும் நோய் இல்லை இது. காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வரும். ஆனால் தோல் மருத்துவரிடம் வந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சொல்லத் தயங்கி, முகப்பருவையோ முடி உதிர்வதையோ காட்டி மருந்து வாங்கிக்கொண்டு, எழுந்து போகும் நேரத்தில் "இன்னொண்ணு டாக்டர்" என்று ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். அந்த இன்னொன்று பல சமயம் இதுதான்.

அமெரிக்காவில் 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அங்குள்ள மக்களில் 2.8 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய வியர்வைத் தொல்லை இருப்பதாகச் சொன்னது. கை, பாதம், அக்குள், முகம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அப்படி அவதிப்படுகிறவர்களில் மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவரிடம் அதைப் பற்றிப் பேசியவர்கள் 38 சதவீதம்தான். மருத்துவமனைகளுக்குக் குறைவில்லாத நாட்டிலேயே இந்த நிலை. நம் ஊரில் எத்தனை பேர் வாய் திறக்காமலே வாழ்நாளைக் கழிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் வலது கீழ் மூலை நனைந்து, காய்ந்து, அலையலையாக நெளிந்து கிடந்தது. எழுதும் கை படிகிற இடம் அது. நீல மை ஊறிப் பரவியதில் 6 எது, 8 எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பரீட்சையில் கைக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்து எழுதுவாளாம். ஒரு பக்கம் நனைந்தால் மறுபக்கம் திருப்புவாள். இரண்டு பக்கமும் நனைந்துவிட்டால் துப்பட்டாவில் துடைத்துக்கொள்வாள். "எதுக்கெடுத்தாலும் பயம் டாக்டர் இவளுக்கு" என்றார் அம்மா. "பயமெல்லாம் இல்லை டாக்டர். ஞாயித்துக்கிழமை சும்மா டிவி பார்த்துக்கிட்டு இருந்தாலும் வேர்க்குது" என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னதுதான் சரி. அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயைப் பாதி கண்டுபிடித்துவிடலாம்.

இந்தத் தொல்லை முன்பைவிட இன்றைக்குக் கூடுதலாக வெளியே தெரிகிறது. அதற்குக் காரணம் உண்டு. ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டும், அலுவலக வாசலில் விரல் வைக்க வேண்டும், சிம் கார்டு வாங்க விரல் வைக்க வேண்டும். ஈர விரலை அந்தக் கண்ணாடி சரியாகப் படிப்பதில்லை. "துடைச்சிட்டு வைங்கம்மா", "வேற விரலை வைங்க", "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்தவங்க வரட்டும்" என்று மூன்று தடவை சொல்வதற்குள் வரிசையில் நிற்கும் எல்லோருடைய கண்ணும் அந்தக் கையின்மேல் விழுந்துவிடும். பார்வை பட்டவுடன் இன்னும் வியர்க்கும். ஆதார் முறையிலேயே கருவிழி, முகம், கைபேசிக்கு வரும் ஓடிபி என்று வேறு வழிகள் இருக்கின்றன. எந்த இடத்தில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வீணை, வயலின் வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். நுண்ணிய உலோகப் பாகங்களைக் கையாளும் தொழிற்சாலைகளில் இப்படிப்பட்டவர்களின் கை பட்ட இடம் அரித்துப் போவது தொழில் மருத்துவத்தில் பழைய செய்தி. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், "மேடையில அவர் என் கையைப் பிடிப்பாரே டாக்டர், எல்லாரும் பார்த்துக்கிட்டு இருப்பாங்களே" என்று சொல்லி அழுதாள். பத்திரிகை அடித்தாயிற்று, புடவை எடுத்தாயிற்று. அவள் மனது முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் நின்றது.

இப்போது ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களிலும், ரயிலிலிருந்து பார்த்தால் தெரியும் மதில்களிலும் விளம்பரம் எழுதியிருப்பார்கள். நரம்புத் தளர்ச்சி என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே அறிகுறிகளின் வரிசையில் கை நடுக்கம், உடல் சோர்வு, உள்ளங்கை வியர்வை என்று சேர்த்திருப்பார்கள். மாதத்தில் குறிப்பிட்ட தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்கியிருப்பார் என்று அதிலேயே இருக்கும். பதினெட்டு வயதுப் பையன் அதைப் படிக்கிறான். தன் கையைப் பார்க்கிறான். சுய இன்பப் பழக்கத்தால்தான் நரம்பு கெட்டுக் கை வியர்க்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்கி லேகியம் சாப்பிடுகிறான். தன்னைப் பாவியாகவும் நோயாளியாகவும் நினைத்துக்கொண்டு கல்யாணத்தைத் தள்ளிப்போடும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்வரிசையில் இருக்கும் தம்பிகளுக்கு வெளிப்படையாகச் சொல்கிறேன்: அந்தப் பழக்கத்துக்கும் உள்ளங்கை வியர்வைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் நரம்பு தளரவில்லை. சொல்லப்போனால் ஒரு குறிப்பிட்ட நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதுதான் சிக்கலே.

அந்த நரம்பின் கதையைச் சொல்கிறேன். நம் உடம்பில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். வெயிலில் நடந்தால் நெற்றியும் முதுகும் நெஞ்சும் வியர்ப்பது உடம்பைக் குளிர்விப்பதற்காக. உள்ளங்கை வியர்வையின் வேலை வேறு. ஜப்பானிய உடலியல் அறிஞர் யாஸ் குனோ 1934இல் மனித வியர்வைக்கென்றே ஒரு தனிப் புத்தகம் வெளியிட்டார். வெப்பத்தால் வரும் வியர்வை வேறு, மனதின் அசைவால் வரும் வியர்வை வேறு, உள்ளங்கையும் உள்ளங்காலும் முக்கியமாக இரண்டாவது வகைக்குக் கட்டுப்பட்டவை என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரு கணக்கை மனதுக்குள் போட்டாலே உள்ளங்கையில் ஈரம் கூடும். பொய் கண்டுபிடிக்கும் கருவி அளந்து பார்ப்பவற்றில் விரல் நுனியின் இந்த ஈரமும் ஒன்று. மனவியல் அறிஞர் கார்ல் யுங் 1907 வாக்கிலேயே, ஒரு சொல்லைக் கேட்டதும் கைத்தோலில் மின்சாரம் கடக்கும் அளவு மாறுகிறதா என்று சோதித்துப் பார்த்தார்.

எதற்காக இயற்கை இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது? வயலில் மண்வெட்டி பிடிக்கும் முன் பெரியவர்கள் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வறண்ட கையில் பிடி வழுக்கும். லேசான ஈரம் இருந்தால் பிடி இறுகும். நாய்க்கும் பூனைக்கும் இந்த வகைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில் இருக்கும் மெத்தையில் மட்டும்தான் உண்டு. ஓடவும் தாவவும் வேண்டிய ஆபத்து நேரத்தில் பிடிமானம் கிடைக்க உடம்பு செய்யும் தயாரிப்பு இது. ஆபத்து இல்லாத நேரத்திலும் அந்தக் கட்டளை மூளையிலிருந்து போய்க்கொண்டே இருந்தால், அதுவே இந்த நோய். இவர்களுடைய சுரப்பிகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் எண்ணிக்கை கூடுதலாக இருக்காது, அளவும் பெரிதாக இருக்காது. மோட்டார் நல்ல மோட்டார். ஸ்விட்சைத்தான் யாரோ போட்டபடியே இருக்கிறார்கள்.

பூனையின் பாதத்தைச் சொன்னேன். 1934இலேயே இங்கிலாந்தில் ஹென்றி டேல், வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் என்ற இருவர் பூனையின் பாத வியர்வையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வியர்வைச் சுரப்பிக்குப் போவது சிம்பதெடிக் நரம்பு. அந்த வகை நரம்புகள் வழக்கமாக அட்ரினலின் குடும்பத்து வேதிப்பொருளைத்தான் சுரக்கும். ஆனால் வியர்வைச் சுரப்பியின் வாசலில் மட்டும் அது அசெட்டில்கோலின் என்ற வேறொரு பொருளை விடுகிறது என்று அவர்கள் நிறுவினார்கள். இரண்டு ஆண்டு கழித்து டேலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கை வியர்வைக்கு இன்றைக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரையும், போடும் ஊசியும் அந்த அசெட்டில்கோலினைக் குறிவைத்தவைதான். ஒரு பூனையின் பாதத்தில் தொடங்கிய அறிவு நம் பிள்ளையின் பரீட்சைத் தாளைக் காப்பாற்றுகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

சரி, சாதாரண வியர்வை எது, நோய் எது? 2004இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று வகுத்த அளவுகோலை இன்றும் பின்பற்றுகிறோம். வெளிப்படையான காரணம் ஏதும் இல்லாமல் ஆறு மாதத்துக்குக் குறையாமல் கண்ணுக்குத் தெரியும்படி வியர்க்க வேண்டும். கூடவே, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வியர்ப்பது, வாரத்தில் ஒரு முறையாவது வருவது, 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருப்பது, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது, அன்றாட வேலையைக் கெடுப்பது, தூங்கும்போது நின்றுவிடுவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். நான் தவறாமல் கேட்கும் கேள்வி தூக்கத்தைப் பற்றியது. "தூங்கும்போது குழந்தையோட கையைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா?" என்று அம்மாவைக் கேட்பேன். "காஞ்சிதான் இருக்கும் டாக்டர்" என்று பதில் வந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வி குடும்பத்தைப் பற்றி. இதைக் கேட்டதும் சில சமயம் அறையில் ஒரு மாற்றம் நடக்கும். அதுவரை மகனைக் குறை சொல்லிக்கொண்டிருந்த அப்பா தன் கையை மெதுவாக மடக்கிக்கொள்வார். இது பரம்பரையில் வரக்கூடியது; 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சில குடும்பங்களை ஆராய்ந்து, 14ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியோடு இதற்குத் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். தான் பட்ட பாட்டையே பிள்ளையும் படுகிறான் என்று தெரிந்த பிறகு எந்த அப்பாவும் திட்டுவதில்லை.

வேறு நோயின் அடையாளமாக வியர்வை வரும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றை விட்டுவிடக் கூடாது. உடம்பு முழுவதும் வியர்க்கிறது, இரவில் தலையணை நனைகிறது, எடை குறைகிறது, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறது என்றால் காசநோயையும் சில ரத்தப் புற்றுகளையும் பார்த்தாக வேண்டும். படபடப்பும் கை நடுக்கமும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீரென்று குப்பென வியர்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் வியர்வை கூடும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் வியர்ப்பதும், நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவதும் விசாரிக்க வேண்டியவை. நெஞ்சு வலியோடு குளிர்ந்த வியர்வை என்றால் தோல் மருத்துவரைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே, எவ்வளவு வியர்க்கிறது என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. விக்டர் மினோர் என்ற ரஷ்ய நரம்பியல் மருத்துவர் 1928இல் விவரித்தது. உள்ளங்கையில் அயோடின் கரைசலைப் பூசி உலரவிட்டு, மேலே மாவைத் தூவுவோம். முதலில் வெள்ளையாக இருக்கும். பிறகு ஒவ்வொரு வியர்வைத் துளையின் வாயிலும் கருநீலப் புள்ளி ஒன்று முளைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கை முழுவதும் கறுத்துவிடும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஆனால் "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்லிவந்த உறவினர் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

இனி சிகிச்சை. வீட்டு வைத்தியத்திலிருந்தே தொடங்குவோம். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரம் ஓர் அலுமினிய உப்பு. படிகாரத் தண்ணீரில் கை நனைத்தால் லேசான தொல்லைக்குக் கொஞ்ச நேரம் பலன் இருக்கலாம். மருதாணியால் இந்த வியர்வை நின்றதாக நான் பார்த்ததில்லை. முகப் பவுடரைக் கொட்டிக்கொள்வதால் கை பிசுபிசுக்கும், அவ்வளவே. உடல் சூடு என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதோ, எண்ணெய்க் குளியலை நம்பி மாதங்களைக் கடத்துவதோ வேண்டாம். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு.

முதல் படி, அலுமினியம் குளோரைடு கலந்த திரவ மருந்து. வழக்கமாக 20 சதவீதம். வியர்வைக் குழாயின் வாயில் சென்று படிந்து அதை அடைக்கிறது. இதைப் பயன்படுத்திப் பார்த்தேன், கேட்கவில்லை என்பவர்களிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் காலையில் கை கழுவிவிட்டுப் போட்டிருப்பார்கள். கையில் தண்ணீரோ வியர்வையோ இருந்தால் இந்த மருந்து அதோடு சேர்ந்து அமிலமாகி எரிச்சலைக் கிளப்பும். மேலும் பகலில் பொங்கும் வியர்வை மருந்தை உள்ளே போகவே விடாது. படுக்கப் போகும் நேரத்தில், மின்விசிறிக்குக் கீழே கையை நன்றாக உலரவிட்டு, மெல்லியதாகப் பூசி, காய்ந்த பிறகு தூங்க வேண்டும். தூக்கத்தில் வியர்வை நின்றிருக்கும். மருந்து தன் வேலையைச் செய்யும். காலையில் கழுவிவிடலாம். ஒன்றிரண்டு வாரம் இப்படித் தினமும். பலன் தெரிந்த பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. வெட்டுக்காயம், சிரங்கு இருக்கும் இடத்தில் போடக் கூடாது. எரிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். அலுமினியம் என்றதும் மறதி நோய் வருமோ, புற்றுநோய் வருமோ என்று கேட்கிறார்கள். இதுவரை நடந்த ஆய்வுகள் அப்படி ஒரு தொடர்பை நிறுவவில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளங்கைத் தோல் தடிப்பானது என்பதால் அக்குளில் கிடைக்கும் அளவுக்கு இங்கே பலன் கிடைக்காமல் போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது படி எனக்கு மிகவும் பிடித்தது, நம் ஊரில் போதிய அளவு தெரியாமலும் போனது. அயன்டோஃபோரெசிஸ் என்று பெயர். 1952இலேயே நெதர்லாந்துக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். 1968இல் ஃப்ரெட் லெவிட் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் எளிய கருவி ஒன்றை அமைத்துக் காட்டிய பிறகு பரவியது. இரண்டு தட்டையான தட்டுகளில் உள்ளங்கை மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். அடியில் மின்தகடு, அதன்மேல் பஞ்சுத் திண்டு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நகக்கண்ணில் கீறல் இருந்தால் வாஸ்லைன் தடவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் சுருக்கென்று குத்தும். கைக்கு ஒரு தட்டு என்று கைகளை வைத்ததும் மின்சாரத்தை மெல்ல மெல்ல ஏற்றுவோம், 15 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். இருபது முப்பது நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். நடுவில் மின்சாரத்தின் திசையை மாற்றுவோம். குறைத்து முடித்த பிறகுதான் கையை எடுக்கலாம். சட்டென்று இழுத்தால் ஷாக் அடித்ததுபோல் இருக்கும்.

வாரம் மூன்று நாள் செய்தால் சில வாரங்களில் பெரும்பாலோருக்குக் கை உலர ஆரம்பிக்கிறது. பிறகு வாரம் ஒரு முறை போதும். விட்டுவிட்டால் வியர்வை திரும்பும். இது ஏன் வேலை செய்கிறது என்பதில் மருத்துவ உலகுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. இதில் ஒரு சிறிய சூட்சுமம்: தண்ணீரில் தாது உப்பு இருந்தால்தான் மின்சாரம் ஓடும். வீட்டில் கருவி வாங்கி வைத்திருந்த ஒருவர் பலனே இல்லை என்று சொன்னார். விசாரித்ததில் சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருக்கிறார். குழாய்த் தண்ணீருக்கு மாறச் சொன்னேன். அது பலன் தந்தது. தண்ணீர் மிகவும் மென்மையாக இருந்தால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுக்கொள்ளலாம். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்களும், கர்ப்பிணிகளும், வலிப்பு நோய் உள்ளவர்களும், மின்சாரம் கடக்கும் பாதையில் உலோகத் தகடு பொருத்தியவர்களும் இதைச் செய்யக் கூடாது. காணொளியைப் பார்த்து வீட்டு பிளக்கிலிருந்து வயர் இழுத்து நீங்களே செய்து பார்க்க நினைப்பது உயிருக்கே ஆபத்து. கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அது வேண்டாம்.

மாத்திரைகள் இருக்கின்றன: கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின். அசெட்டில்கோலினைத் தடுப்பவை. கையை மட்டும் தேடிப்போய்த் தடுக்க மாத்திரைக்குத் தெரியாது. வாய் வறளும், மலம் கட்டும், கண் மங்கும், சிலருக்குச் சிறுநீர் போவது சிரமமாகும். கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு ஆகாது. நம் ஊரில் இன்னொரு கவலையும் சேர்கிறது. உடம்பு முழுவதும் வியர்வை குறைந்தால் உடல் குளிர்வதற்கு வழி இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் கட்டட வேலையோ வயல் வேலையோ செய்பவருக்கு நான் இந்த மாத்திரையை எழுதத் தயங்குவேன். நேர்முகத் தேர்வு, மேடை என்று குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தேவைப்பட்டால் புரோப்ரனலால் என்ற மாத்திரை உதவலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் தொடக் கூடாது. ஜப்பானில் 2023இல் ஆக்ஸிபியூட்டினினை உள்ளங்கையில் பூசும் லோஷனாகவே அனுமதித்திருக்கிறார்கள். உடம்பு முழுவதையும் வறள வைக்காமல் கையில் மட்டும் வேலை செய்யும் மருந்துதான் இனி வரவேண்டிய பாதை என்று நினைக்கிறேன்.

போட்டாக்ஸ் ஊசி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2004இல் அக்குள் வியர்வைக்கு அனுமதி பெற்றது, உள்ளங்கைக்கும் பயன்படுத்துகிறோம். நான்கைந்து மாதம், சிலருக்கு அதற்கும் மேல், கை உலர்ந்திருக்கும். ஆனால் ஒரு கைக்கே பல பத்து இடங்களில் குத்த வேண்டும், உள்ளங்கையில் வலி அதிகம், விலையும் அதிகம். கட்டைவிரல் பிடி சில வாரம் தளர்ந்துபோக வாய்ப்புண்டு. தையல்காரர், மிருதங்கக்காரர் போன்றவர்கள் இதை யோசித்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசிப் படி அறுவை சிகிச்சை. இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். முதுகெலும்புக்குப் பக்கத்தில், நெஞ்சுக்கூட்டுக்குள் சிம்பதெடிக் நரம்பு சங்கிலியாக இறங்குகிறது. கைக்குப் போகும் கட்டளை அந்த வழியாகத்தான் போகிறது. 1920இல் கோட்சரெஃப் என்ற மருத்துவர் வியர்வைக்காக அந்த நரம்பை வெட்டினார். இன்றைக்கு அக்குளுக்குக் கீழே சிறு துளைகள் போட்டு, கேமரா செலுத்தி, மயக்க மருந்தின் கீழ் மிகக் குறைந்த நேரத்தில் செய்துவிடுகிறார்கள். விழித்தெழும்போதே கை உலர்ந்திருக்கும். உள்ளங்கையைப் பொறுத்தவரை இவ்வளவு உறுதியாகப் பலன் தரும் சிகிச்சை வேறில்லை என்பது உண்மை. 'ஒரே நாளில் நிரந்தரத் தீர்வு' என்ற விளம்பரங்கள் சொல்வது இதுவரைக்கும்தான்.

அவை சொல்லாமல் விடுவது ஈடுகட்டும் வியர்வையை. கையில் நின்ற வியர்வை முதுகு, வயிறு, தொடை என்று வேறு இடங்களில் கிளம்பும். அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. பலருக்குப் பொறுத்துக்கொள்ளும் அளவு. சிலருக்கு மிகக் கடுமையாக. ஒரு மருத்துவமனையில் இந்த அறுவையைச் செய்துகொண்ட இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கை சுத்தமாகக் காய்ந்திருந்தது. பைக்குள் இரண்டு மாற்றுச் சட்டைகள் வைத்திருந்தார். "முன்னாடி கைக்குட்டையால துடைச்சேன் டாக்டர். இப்ப எதால துடைக்கிறது?" என்று கேட்டார். நரம்பை வெட்டிய பின் திரும்ப ஒட்டவைக்க நம்பகமான வழி கிடையாது. மிக அரிதாகக் கண் இமை ஒரு பக்கம் தொங்கிப்போவதும் உண்டு. தைவான் அரசு 2004இல், 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த அறுவையைத் தடை செய்தது. சித்திரை வைகாசி வெயிலில் வாழும் நமக்கு முதுகும் வயிறும் இன்னும் பொங்கினால் என்ன ஆகும் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். இந்த அறுவையால் வாழ்க்கை திரும்பக் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. மற்ற படிகளில் ஒழுங்காக ஏறிப் பார்க்காமல் நேரே கத்தியிடம் போவதைத்தான் தவறு என்கிறேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது என்று அவசரப்பட்டு எடுக்கும் முடிவாக அது இருக்கவே கூடாது.

முதலில் சொன்னேனே, அந்தக் கல்யாணப் பெண்ணுக்குக் கத்தி தேவைப்படவில்லை. இரவில் மருந்து, வாரம் மூன்று நாள் தண்ணீர்த் தட்டு, இவையே போதுமாக இருந்தது. கை முழுவதும் உலர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சொட்டுவது நின்றது. அவளே மாப்பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லியும்விட்டாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கையில் இந்தத் தொல்லை இருப்பவர்கள் பலருக்கு உள்ளங்காலிலும் இருக்கும். அப்படிப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் நாள் முழுவதும் கறுப்பு ஷூவுக்குள் காலை ஊறவைத்திருப்பார்கள். தோலில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து வாடை அடிக்கும். அது கிருமித் தொற்று, மருந்துக்குக் கட்டுப்படும். பருத்திக் காலுறையை இடைவேளையில் ஒரு முறை மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள், வகுப்பில் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்காதீர்கள்.

ஆசிரியர்கள் இவ்வளவு பேர் வந்திருப்பதால் இதைக் கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாள் நனைந்திருக்கிறது என்பதற்காக எந்தப் பிள்ளையையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். கைக்கு அடியில் ஒரு துண்டோ தடித்த தாளோ வைத்து எழுத விடுங்கள். பொதுத்தேர்வுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் மருத்துவச் சான்று தேவைப்பட்டால் தேர்வுக்கு முந்தைய நாள் ஓடிவராமல், பள்ளி திறந்த மாதத்திலேயே வாங்கிவைக்கச் சொல்லுங்கள். எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் வந்து ஓ.பி. சீட்டு போட்டு, "உள்ளங்கை வேர்க்குது" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வகுப்பிலோ அப்படி ஒருவர் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், லாட்ஜ் வைத்தியரிடம் அவர் போவதற்குள் எங்களிடம் அழைத்து வாருங்கள்.